ரெண்டு கவலையில் ஒன்றை விற்றவர்

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதில் இரண்டு பேருக்குக் கோபம். ஒருவர் மட்டும் செய்முறை கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்கு என் அனுதாபங்கள். இந்த வாரம் சாம்பாரை விட்டுவிட்டு ஒரு கிணற்று மேட்டுக்குப் போவோம்.

கோவில்பட்டியிலிருந்து எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, கரிசல் காட்டு வண்டிப்பாதையில் நடந்தால் வருகிற ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம். அந்த ஊர்ப் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

நல்ல வெயில். கிணற்று மேட்டு வேப்பமரத்தின் கீழ் ஒரு கயிற்றுக் கட்டில். ஈர மண் வாசமும் டீசல் புகை வாசமும் கலந்து வந்தன. கட்டிலில் சீனி அண்ணாச்சி, தோளில் துண்டோடு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருந்தார். அந்த ஊரில் கிணறும் தோட்டமும் உள்ளவர்களில் ஒருவர். எதிரே நான், கையில் அட்டையும் பென்சிலும். என் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு மதினி, அதாவது என் அண்ணன் மனைவி.

நான் அச்சடித்த தாளைப் பார்த்து வாசித்தேன்.

"உங்களுக்குக் கவலை உண்டா?"

"இருந்துச்சும்மா. ரெண்டு கவலை இருந்துச்சு. ஒண்ண போன வருஷம் வித்துட்டேன்."

என் பென்சில் நின்றுவிட்டது. எனக்குப் புல்லரித்தது.

"இன்னொண்ணு?" என்றேன், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அது சும்மா கெடக்கு. பழசு. அத இனிமே யாரு வாங்குவா?"

அவர் சொன்னதை ஓர் எழுத்துக்கூட மாறாமல் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். மதினி என் காதில் கிசுகிசுத்தாள். "ரூபி, இவிய சாதாரண ஆளு இல்லட்டி. சாமியாராப் போயிருக்க வேண்டியவிய."

கிசுகிசுப்பு அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மதினியைப் பார்த்து, "உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கிடுங்கம்மா, சும்மாவே தாரேன்" என்றார்.

மதினி பதறிப்போய்க் கும்பிட்டாள். "ஐயோ வேண்டாம் அண்ணாச்சி. எங்க வீட்டுல ஏற்கெனவே நெறைய இருக்கு."

"அப்படியா? எத்தன கெணறு உங்களுக்கு?" என்றார் அவர்.

அந்தக் கேள்வியிலேயே எனக்கு விழிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் அப்போது சைக்காலஜி படித்துக்கொண்டிருந்தேன்.

சரக்கு எங்கே போய்ச் சேரும்?

எமர்ஜென்சி முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சென்னையில் ஒரு கல்லூரியில் மனோதத்துவம் எம்.ஏ. முடிக்கிற தறுவாயில் இருந்தேன்.

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு அந்தப் படிப்பு பிடிபடவே இல்லை. லீவுக்கு வந்தால் போதும், யாராவது வழியை மறித்து, "நான் இப்ப என்ன நெனைக்கேன், சொல்லு பாப்போம்" என்பார்கள். மீன்காரி ஒருத்தி என்னைக் கண்டால் கூடையை மூடிவிடுவாள். மீனின் வயதை நான் முகம் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்ற பயம்.

அப்பாவுக்கு லாரி புக்கிங் ஆபீஸ். தீப்பெட்டிப் பண்டலும் கடலை மிட்டாய்ப் பெட்டியும் ஊர் ஊராகப் போகிற இடம். அதனால் உலகத்தில் எதைக் காட்டினாலும் அப்பா ஒரே கேள்விதான் கேட்பார்: "சரக்கு எங்க போய்ச் சேரும்?" என் படிப்பையும் அப்படித்தான் கேட்டார்.

போய்ச் சேருவதற்கு ஓர் இடம் இருந்தது. எங்கள் துறையில் உதவித்தொகையோடு ஒரே ஒரு ஆராய்ச்சி சீட். எம்.ஏ. ஆய்வை யார் நன்றாகச் செய்கிறார்களோ அவர்களுக்கு அது. கிடைத்தால் மேலே படிக்கலாம்.

"கெடைச்சாப் போ. கெடைக்காட்டி தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸ்ல ஒனக்கு ஒரு நாற்காலி சொல்லி வச்சிருக்கேன். அதுக்கப்புறம் மாப்பிள்ளை" என்றார் அப்பா. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த சீட் வேண்டும். அதைப்போல எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை. ஜெபத்தில்கூட முதலில் சீட்டைக் கேட்டுவிட்டுத்தான் குடும்ப சுகத்தைக் கேட்பேன்.

ஆய்வு சுலபமானது. எங்கள் பக்கத்துக் கரிசலில் ஒரே ஊரில் இரண்டு வகைக் குடும்பங்கள் இருக்கும். கிணறு வைத்துத் தோட்டப் பயிர் செய்கிறவர்கள் ஒரு வகை. மழையை மட்டும் நம்பிப் பருத்தியும் கம்பும் விதைக்கிற மானாவாரிக்காரர்கள் இன்னொரு வகை. வானத்தைப் பார்த்து வாழ்கிறவர்களுக்குக் கவலை கூடுதலாக இருக்கும், கிணற்றுக்காரர்களுக்குக் குறைவாக இருக்கும் என்பது என் ஊகம். புத்தகத்தில் இதற்குக் கருதுகோள் என்று பெயர். ஊகம் என்று சொன்னால் மார்க் கிடையாது.

தெருவுக்குள் ஒரு வெள்ளோட்டம்

வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நான்தான் தமிழில் போட்டேன். கவலை என்று எழுதலாமா, மனக்கிலேசம் என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனக்கிலேசம் என்றால் பிரசங்கம் மாதிரி இருந்தது. கவலை என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதையே எழுதினேன்.

உண்மையான ஆய்வுக்கு முன்னால் சிலரிடம் கேட்டுப் பார்த்து, கேள்விகள் புரிகின்றனவா என்று சோதிக்க வேண்டும். அதுதான் முறை. முறைப்படியே செய்தேன். எங்கள் தெருவில் செய்தேன்.

பக்கத்து வீட்டுச் சித்தியிடம் "உங்களுக்குக் கவலை உண்டா?" என்றேன். சித்தி முந்தானையை உதறி உட்கார்ந்தாள். சித்தப்பா ரிட்டயர் ஆன நாளில் தொடங்கினாள். நான் எழுந்திருக்கும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. பிறகு மெத்தைக்கடை பாய் வீட்டம்மாவிடம் கேட்டேன். "உண்டு" என்று சொல்லிவிட்டு, என்னவென்று கேட்டதற்கு எங்கள் சித்தி பேச ஆரம்பித்தால் நிறுத்தாததுதான் என்றார்கள்.

கேள்வி எல்லோருக்கும் புரிகிறது என்று தாளில் எழுதிக்கொண்டேன். அது பொய்யில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் புரிந்தது.

மதினி என்னும் மாறி

ஒவ்வொரு வேளைக்கும் மாறக்கூடிய, முடிவையே புரட்டிப்போடக்கூடிய சங்கதிக்கு எங்கள் பாடத்தில் மாறி என்று பெயர். அப்படிப்பட்ட மாறிகளை அடக்கி வைக்க வேண்டும் என்று எங்கள் துறைத் தலைவி அடிக்கடி சொல்வார். நாங்கள் அவரை மேடம் என்போம்.

மேடத்துக்கு என் மதினியைத் தெரியாது.

வயசுப்பெண் தனியாகக் காட்டுப்பாதையில் போகக் கூடாது என்று அப்பா மதினியைத் துணைக்கு அனுப்பினார். மதினி உடன்குடிப் பக்கம் பிறந்தவள். பனை தெரியும், பதநீர் தெரியும், கருப்பட்டி எந்தப் பனைவிளையில் காய்ச்சியது என்று நாக்கில் வைத்தே சொல்வாள். கரிசலும் கிணறும் அவளுக்குப் புதுசு. எனக்கும் அப்படித்தான். லாரி ஆபீஸ்காரர் மகளுக்கு வயல் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பழக்கம்.

"கேள்வி கேக்கும்போது நம்ம முகம் வெள்ளையடிச்ச சுவரு மாதிரி இருக்கணும் மதினி. ஆமாங்கவும் கூடாது, அச்சோங்கவும் கூடாது" என்று பஸ்ஸிலேயே சொல்லிக் கூட்டிப்போனேன்.

"எனக்கென்னட்டி, நான் வாயே தெறக்க மாட்டேன்" என்றாள்.

முதல் வீட்டிலேயே ஒரு பெண் பதில் சொல்லத் தயங்க, மதினி, "சும்மா சொல்லுங்கக்கா. இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, பிள்ளை கஷ்டப்பட்டு வந்திருக்கு" என்றாள். இரண்டாவது வீட்டில் ஒரு கிழவருக்கு முழங்கால் வலி என்று கேட்டு ஜெபம் பண்ணிவிட்டாள். அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். இருந்தாலும் ஆமென் சொன்னார்கள்.

இன்னொரு கஷ்டம், ஒருவரைத் தனியாகக் கேட்க முடியாது. கேள்வியை ஆரம்பித்ததும் தெருவே கூடிவிடும். "ஒரு ஆள்தான் சொல்லணும்" என்றால், "ஆமா, அவ சொல்லட்டும்" என்பார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நாலு பக்கமிருந்தும் பதில் வந்துவிடும். வீட்டுக்காரர் பேரைக் கேட்டால் மட்டும் அமைதி. பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி சொல்ல, இவள் தலையாட்ட, நான் எழுதிக்கொள்வேன்.

இல்லாதவர்களின் நிம்மதி

மானாவாரிப் பக்கம் நான் முதலில் பார்த்தது செல்லத்தாய் அக்காவை. கறுப்பாக, உயரமாக, வெற்றிலை போட்ட வாயோடு பருத்திமாரைக் கட்டிக்கொண்டிருந்தாள். பருத்திச் செடியின் காய்ந்த குச்சி அது, அடுப்புக்கு ஆகும்.

"உங்களுக்குக் கவலை உண்டா?"

செல்லத்தாய் அக்கா கட்டை அப்படியே போட்டுவிட்டுச் சிரித்தாள். "கவலையா? எங்களுக்கு ஏது தாயி கவலை? எங்க பாட்டன் பூட்டன் காலத்துலயே இருந்ததில்ல. அதெல்லாம் அந்தா, தோட்டக்காரவுகளுக்குத்தான்."

அடுத்த வீட்டிலும் இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. ஒருவர், "கவலை வைக்கிற அளவுக்கு நமக்கு வசதி ஏது?" என்றார். அதையும் கோடு போட்டு எழுதினேன்.

கிணற்றுப் பக்கம் போனால் நேர்மாறு. வீட்டுக்கு வீடு கவலை உண்டு என்றார்கள். "கவலை உங்கள் உடம்பை அசத்துகிறதா?" என்று என் தாளில் ஒரு கேள்வி. "அசத்தாம? முதுகெலும்பு விட்டுப்போகும்" என்றார்கள். "கவலை எந்தக் காலத்தில் அதிகம்?" "கோடையிலதாம்மா, தண்ணி கீழ போயிருதுல்ல." கண்ணீரைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். கண்ணீர் ஏன் கீழே போகிறது என்று யோசிக்கவில்லை.

"கவலை தீர யாரிடமாவது ஆலோசனை கேட்டீர்களா?" என்பது கடைசிக் கேள்வி.

"பேங்கு மேனேஜர்ட்ட கேட்டிருக்கோம்" என்றார்கள் பலர்.

இந்தப் பக்கத்து மக்கள் மனக்கஷ்டத்துக்குப் பாங்கு மேனேஜரை நம்புகிறார்கள் என்று தனியாக ஒரு குறிப்பு எழுதினேன். அந்த மேனேஜர் மேல் எனக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

மேடத்தின் சந்தோஷம்

கடம்பூர் போளி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனேன். மேடம் போளியைத் தொடவில்லை. அட்டவணையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

என் ஊகம் தலைகீழாகியிருந்தது. கிணறு உள்ளவர்களுக்குக் கவலை. ஒன்றும் இல்லாதவர்களுக்குக் கவலையே இல்லை.

"இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா ரூபி? சொத்து வந்தால் கவலை வருகிறது. உன் கருதுகோள் தோற்றிருக்கிறது, அதனால்தான் உன்மேல் எனக்கு நம்பிக்கை. ஜோடித்து எழுதுகிறவள் தன் கருதுகோளைத் தோற்கவிட மாட்டாள்" என்றார்.

பிறகு சீனி அண்ணாச்சி சொன்னதை வாசித்தார். ரெண்டு கவலை இருந்தது, ஒன்றை விற்றுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிராமத்து ஞானம்" என்றார். "இதை முதல் பக்கத்தில் போடு. கமிட்டி ஒரு மாதத்தில் கூடும். சீட் உனக்குத்தான்."

ஊருக்குத் திரும்புகிற ரயிலில் எனக்குத் தூக்கமே வரவில்லை. கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கியதும் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பாராட்டு விழாவின் மதிப்பு உண்டு.

குழம்பு ஆறிய மத்தியானம்

அண்ணனைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. அண்ணன் ஒரு பம்புசெட் கடையில் விற்பனைக்காரன். மோட்டார்சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் ஆயில் இன்ஜின் விற்கிறவன். ஆய்வு நாட்களில் அவன் கயத்தாறு பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன், நான் நகல் எடுத்து வைத்திருந்த முதல் பக்கத்தை எடுத்து வாசித்தான். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"இது யாரு, சீனி அண்ணாச்சியா? அவியளுக்கு இன்ஜின் குடுத்ததே நாந்தானட்டி."

"அவிய எவ்வளவு பெரிய தத்துவம் சொல்லியிருக்காவ, பாத்தியா?" என்றாள் மதினி பெருமையாக.

"என்ன தத்துவம்? கவலைய வித்தத சொல்லியிருக்காவ. மாடு பூட்டித் தண்ணி இறைப்பாவல்லா, சாலு, வடக்கயிறு, உருளை எல்லாம் வச்சு? நம்ம கமலைன்னு சொல்லுததுதான். அந்த ஊர்க்காரவிய வாயில அது கவலை. இன்ஜின் வந்ததும் ஒண்ண வித்துட்டாவ. இன்னொண்ணு கெடக்கு."

நான் தாளைப் பிடுங்கப் போனேன்.

அண்ணன் அதற்குள் மற்றத் தாள்களையும் புரட்டினான். "முதுகெலும்பு விட்டுப்போகும்" என்று வாசித்தான். "பேங்கு மேனேஜர்ட்ட கேட்டிருக்கோம்" என்று வாசித்தான். "அது இன்ஜின் லோனுட்டி!" என்று கத்தினான். அதற்குப் பிறகு அவனால் வாசிக்க முடியவில்லை. சிரித்துப் புரையேறி, மதினி தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

மானாவாரிக்காரர்களுக்குக் கவலை இல்லாதது ஏன் என்றும் புரிந்துவிட்டது. கிணறே இல்லாதவர்களுக்குக் கவலை எப்படி இருக்கும்? நான் அந்த ஊரில் யாருடைய மனசையும் அளக்கவில்லை. எத்தனை வீட்டில் நீர் இறைக்கிற சாமான் இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்திருக்கிறேன். அது மட்டும் ரொம்பச் சரியான கணக்கு.

குழம்பு ஆறிப்போயிற்று. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"இது ஒங்க மேடத்துக்குத் தெரியவா போவுது?" என்றான்.

தெரியாதுதான். சென்னையில் கவலை என்றால் ஒரே அர்த்தம். ஆனால் அந்தத் தாளை வைத்து சீட்டை வாங்கிவிட்டு, அப்புறம் ஆயுசுக்கும் எப்போது யார் சிரிப்பார்கள் என்று காத்திருக்க என்னால் முடியாது. கமிட்டிக்கு இன்னும் நாள் இருந்தது. மறுநாள் காலை மதினியைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் எப்போதும்வென்றான் பஸ் ஏறினேன்.

வெசனம்

மனசில் வைத்து மருகுவதை அந்த ஊரில் வெசனம் என்பார்கள் என்று அண்ணனே சொல்லித் தந்தான். எல்லாத் தாளிலும் கவலையை அடித்து மேலே வெசனம் என்று எழுதிக்கொண்டேன்.

செல்லத்தாய் அக்கா அதே இடத்தில் இருந்தாள்.

"ஒங்களுக்கு வெசனம் உண்டாக்கா?"

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூத்த மகளைச் சாத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறாள். பஸ் ஏறினால் போய்ச் சேர ரொம்ப நேரம் ஆகாது. ஆனால் போய்ப் பார்த்து ரெண்டு வருஷத்துக்கு மேலாகிறது. சம்பந்தக்காரி வாய் பொல்லாதது. மழை சரியாக இல்லை, வெள்ளாமை இல்லை.

"வெறுங்கையோட எப்படித் தாயி மக வீட்டு வாசப்படி ஏற? ஒரு மரக்கா பயறாவது கொண்டு போகாண்டாமா? அவளும் அங்கன இருந்து பாக்குதா, நானும் இங்கன இருந்து பாக்குதேன். மேகம் கூடுனா என் மக மொகந்தான் தெரியும் எனக்கு. அதுவும் கலைஞ்சு போயிரும்."

நான் எழுதவில்லை. தாளில் உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. முகத்தை வெள்ளைச் சுவராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மதினிக்குப் பாடம் எடுத்தவள் நான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

செல்லத்தாய் அக்கா என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "நீ ஏன் தாயி அழுத? ஒனக்கு என்ன வெசனம்?"

நான் சொல்லக் கூடாது. ஆய்வு செய்கிறவள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது. அதற்குத்தான் மதினி இருந்தாளே. சீட்டு, மேடம், கமிட்டி, தீப்பெட்டிக் கம்பெனி நாற்காலி, மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாகக் கொட்டிவிட்டாள். "மொதல்ல ஒங்களுக்கு இல்லன்னும், தோட்டக்காரவியளுக்கு உண்டுன்னும் எழுதினா. அதப் பாத்துட்டுத்தான் மேடம் சீட்டு தாரேன்னாவ. இப்ப எல்லாம் மாறிப்போச்சுல்லா?"

செல்லத்தாய் அக்கா என் மடியிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"அப்படின்னா எனக்கு இல்லன்னே எழுதிக்கோ" என்றாள்.

"அக்கா, இப்பத்தான சொன்னீங்க..."

"அது நமக்குள்ள பேசிக்கிட்டது. தாளுல இல்லன்னு எழுது. நீ பாஸாகு."

அதற்குள் வழக்கம்போலத் தெரு கூடிவிட்டது. சேதி கிணற்று மேடு வரைக்கும் போய், சீனி அண்ணாச்சியே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பஞ்சாயத்துப் பேசுகிற மாதிரித் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பிள்ளையோட பழைய கணக்கு மாறக் கூடாது. தோட்டக்காரங்க நாங்க அத்தனை பேரும் வெசனம் இருக்குன்னு சொல்லிருவோம். மானாவாரிக்காரவுக ஒருத்தரும் இருக்குன்னு வாயெடுக்கப்படாது. சரிதானா?"

"சரி" என்றது தெரு.

எனக்கு மாரடைப்பு வராத குறை. "அப்படி இல்ல அண்ணாச்சி, உள்ளதச் சொல்லணும்" என்று கெஞ்சினேன். வீடு வீடாகப் போனேன். ஒருவரும் அசையவில்லை. ஒரு வீட்டில் போன மாதம்தான் மாடு செத்திருந்தது. அந்த மனுஷன் சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்து, "எங்களுக்கு ஒரு வெசனமும் இல்லம்மா. சந்தோஷமா இருக்கோம்" என்றார்.

சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன். தப்பான சொல்லை வைத்துக் கேட்டபோது வந்த அதே கணக்கு, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் மறுபடியும் வந்திருந்தது.

நாற்காலி

மேடத்திடம் போய் உள்ளதைச் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. அப்புறம் வெகுநேரம் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு வருத்தப்பட்டார்.

"உன் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது ரூபி. ஆனால் கமிட்டி அட்டவணைதான் கேட்கும். நேர்மையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?"

ஹாஸ்டல் பெண்கள் காப்பி குடிப்பதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு சீக்கிரம் மணியை அமுக்குகிறார்கள் என்று சோதித்த பெண்ணுக்கு அந்த சீட் போயிற்று. நல்ல பெண்தான். அந்த ஹாஸ்டல் காப்பியைக் குடித்துவிட்டும் மணியை அமுக்கத் தெம்பிருந்ததே பெரிய கண்டுபிடிப்பு.

நான் தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்தேன். மருந்து வாடையும் பசை வாடையும் புடவையில் ஏறின. அப்பா சொன்ன வரிசையில் அடுத்தது மாப்பிள்ளை. ஜாதகம் கேட்காத இரண்டு கிறிஸ்தவ இடங்கள் விசாரித்து வந்திருந்தன. ராத்திரி படுத்தால் எனக்கு அழுகையாக வரும். மேடம் அடுத்த வருஷமும் ஒரு சீட் உண்டு என்று சொல்லியிருந்தார். அதை அப்பாவிடம் கேட்கத் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்தோம். எங்கள் வீட்டு வாசலில் செல்லத்தாய் அக்காவும் சீனி அண்ணாச்சியும் நின்றார்கள். சந்தையில் மதினியைப் பார்த்திருக்கிறார்கள். அவள் சும்மா இருப்பாளா?

செல்லத்தாய் அக்கா உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, இரண்டு கையையும் அப்பாவிடம் விரித்துக் காட்டினாள். "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. வெறுங்கையோடதான் வந்திருக்கேன். இன்னும் மழை இல்ல."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சொந்த மகள் வீட்டுக்குப் போகாதவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"எங்க ஆளுக பேசத் தெரியாம பேசி, பிள்ளை படிப்பு கெட்டுப்போச்சாம்ல" என்றாள். "அடுத்த வருஷமும் சீட்டு உண்டாம்ல, இன்னொரு தடவ அனுப்புங்க அண்ணாச்சி. ஊர்ல எல்லாரும் கூடிப் பேசி வச்சிருக்கோம். பிள்ளைக்கு எப்படி வேணுமோ அப்படியே சொல்லிருதோம்."

"ஆமா. ஒரு ஆளு மாத்திச் சொல்ல மாட்டான். நான் பொறுப்பு" என்றார் சீனி அண்ணாச்சி.

அப்பா என்னைப் பார்த்தார். "இவிய சொன்னா ஒங்க காலேஜுல ஒத்துக்கிடுவாவளா?"

"மாட்டாவப்பா."

"ஏன்?"

"இவியளுக்கு என்மேல பிரியம் வந்துட்டுப்பா. அப்புறம் அவிய என்ன சொன்னாலும் கணக்குல சேராது."

அப்பா உள்ளே திரும்பி, "ரெண்டு பேருக்கும் எலை போடுங்க" என்றார். வந்தவர்களுக்கு அவரே தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவர்கள் குடித்து முடிக்கும் வரை நின்றார்.

"ஏட்டி ரூபி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அந்த நாற்காலிய வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிருதேன். ஒம்மேல பிரியம் இல்லாத ஊரா ஒண்ணு பாத்துப் போ."

செல்லத்தாய் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் அண்ணாச்சி, எங்க ஊருக்கு என்ன கொறச்சல்?"